நுரைக்கு எத்தனை வாளி

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னைக்குக் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்கு. மே பிறந்தால் டிசம்பர் வரைக்கும் துணி காயாது, மரக்கதவு ஊறிப்போய் மூடாது, அலமாரிக்குள் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும். இப்படிப்பட்ட ஊரில் பங்குனி மாதம் தண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசை கட்டி நிற்கும் என்றால் தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் நம்புவதில்லை. "சுத்தியும் தண்ணி, இன்னும் என்ன வேணும் ஒங்களுக்கு" என்று சிரிப்பார்கள். தெற்கு அந்தமானின் குன்றுகள் சரிவானவை. அடியில் கிடக்கும் மணற்பாறையும் களிப்பாறையும் நீரை அதிகம் பிடித்துவைப்பதில்லை. பெய்ததெல்லாம் நாலாக்களில், அதாவது ஓடைக் கால்வாய்களில், இறங்கிக் கடலுக்குப் போய்விடும். தனிக்காரி அணையில் தங்குவதுதான் தலைநகரத்துக்கு முக்கிய ஆதாரம். (போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது, குழாயில் வரும் தண்ணீரின் அளவு மாறவில்லை.) ஜனவரியில் மழை நின்று ஏப்ரல் முடிவதற்குள், மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வந்தாலே நல்ல வருடம் என்று சொல்லிக்கொள்வோம்.

இந்தக் கணக்கில் வளர்ந்தவளுக்கு, வீட்டை இயற்கை முறையில் சுத்தம் செய்வது பற்றி வார இதழ்களும் யூடியூபும் தருகிற குறிப்புகளில் ஒரு குறை உடனே கண்ணில் படும். எலுமிச்சை, வினிகர், சமையல் சோடா, பூந்திக்கொட்டை என்று பொருள்களை அடுக்குவார்கள். மாதத்துக்கு எத்தனை ரூபாய் மிச்சம் என்பார்கள். அலச எத்தனை வாளி என்று ஒருவரும் சொல்வதில்லை. அழுக்கைப் போக்குவது ஒரு வேலை, அழுக்கைப் போக்கியதைப் போக்குவது இன்னொரு வேலை. இங்கே இரண்டாவதற்குத்தான் செலவு அதிகம்.

நுரை அழுக்கை எடுப்பதில்லை. பிசுக்கைச் சூழ்ந்து பிடித்து நீரோடு இழுத்துப்போவது சோப்பின் மூலக்கூறு. நுரை அதன் கூடவே வருகிற வேடிக்கை. முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷினுக்கான பவுடரில் நுரையை அடக்கவே தனியாக ஒரு சரக்கைச் சேர்க்கிறார்கள். கையால் துவைப்பவர்களுக்கு விற்கிற பவுடரில் மட்டும் அது பொங்கி வழிய வேண்டும், இல்லாவிட்டால் காசு வீண் என்று தோன்றிவிடும். 1959இல் சர்ஃப் இந்தியாவுக்கு வந்தது. 1969இல் குஜராத்தில் கர்சன்பாய் படேல் நிர்மாவைத் தொடங்கி, கிலோ மூன்றரை ரூபாய்க்கு வீட்டு வாசலில் கொண்டுபோய் விற்றார். அதற்குப் பிறகு நுரை என்பது ஏழை வீட்டுக்கும் உரிய சந்தோஷமாகிவிட்டது. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. நுரைக்காத சோப்பை என் அம்மா "செத்த சோப்பு" என்பாள். ஆனால் மூன்றாம் நாள் தண்ணீரை நம்பிச் சமைக்கிற வீட்டில் ஒவ்வொரு கை நுரையும் ஒரு கடன். அலசி அலசித்தான் தீர்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் வங்காளிகள் அதிகம். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து, 1949 முதல் இந்தத் தீவுகளில் குடியமர்த்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். வாழைச் சாம்பலை எனக்குச் சொல்லித்தந்தவர் பக்கத்து வீட்டுத் தீதி, வங்காளத்தில் அக்கா. குலை வெட்டிய மரத்தின் சருகையும் காய்ந்த மட்டையையும் எரித்து, சாம்பலைப் பழந்துணியில் முடிந்து, தண்ணீரில் ஊறப்போட்டுத் தெளிவை இறுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தெளிவில் படுக்கை விரிப்புகளையும் கரித்துணிகளையும் போட்டு வேகவைப்பார். சோப்பு வாங்க வழியில்லாத வீடுகளின் வழக்கம் இது, அவர் மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்தது. நம் ஊர் வண்ணார்கள் உவர்மண்ணில் துணியை நனைத்து வெள்ளாவியில் வைத்து எடுத்ததும் இதே வேலைதான். உவர்மண்ணில் சோடியம் கார்பனேட், வாழைச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட். இரண்டும் காரம். துணியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கில் கொஞ்சத்தை அந்த இடத்திலேயே சோப்பாக மாற்றி, மற்ற அழுக்கையும் இளக்கிவிடும்.

துவைத்து முடித்த பிறகுதான் இரண்டுக்கும் வேறுபாடு. சோடியம் மண்ணில் சேரச் சேரக் களி இறுகிப்போய் வேருக்குக் காற்றுப் புகாது. பவுடர் சோப்பு கலந்த தண்ணீரை வருடக்கணக்காக வாங்கிய மண்ணைக் கொத்திப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். பொட்டாசியமோ வாழை வாய்விட்டுக் கேட்கிற உணவு. தழைச்சத்தைவிடக்கூட அதையே அது அதிகமாக உறிஞ்சுகிறது. தீதி வீட்டில் துவைத்த தண்ணீர், அதில் பாதியளவு கழுநீர் கலந்து, வாழைத்தூரிலிருந்து சற்றுத் தள்ளி வெட்டிய குழியில் விழும். அந்த வாழை சருகாகி, சாம்பலாகி, மறுபடி துணிக்கு வரும். இதை யாரும் அவருக்குப் பாடமாகச் சொல்லித்தரவில்லை. வாளி குறைவாக இருந்ததால் வந்த புத்தி. இதன் கெடுதலையும் சொல்லிவிட வேண்டும்: தெளிவு கெட்டியாக இருந்தால் கை எரியும், சாயத்துணி வெளுத்துவிடும், பட்டும் கம்பளியும் பாழாகும். இளம் நுரையில் மிருதுவாகத் துவைக்க வேண்டியவற்றுக்குப் பூந்திக்கொட்டைதான்.

ஒரு துப்புரவுச் சரக்கு நல்லதா என்று தீர்மானிக்க இப்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான். அது கலந்த தண்ணீரை இன்னொரு வேலைக்கு வைத்துக்கொள்ள முடியுமா? முடியுமென்றால் அது மலிவு, கடையில் என்ன விலை எழுதியிருந்தாலும். முடியாதென்றால் அது நாலாவுக்குப் போகும். எங்கள் நகரின் ஜங்லிகாட்டிலும் ஃபீனிக்ஸ் பேயிலும் நாலா முடிகிற இடம் கடல். அரிசி களைந்த தண்ணீரில் காய்கறி கழுவி, அதிலேயே பிசுக்கில்லாத பாத்திரங்களை ஒரு முறை அலசி, மிச்சத்தைச் செடிக்கு விடுவது தமிழ் வீடுகளில் புதிதல்ல. ஒரே தண்ணீருக்கு மூன்று வேலை. நடுவில் ஒரு சொட்டு டிஷ்வாஷ் விழுந்தால் சங்கிலி அறுந்தது.

மீன் விஷயத்தில் இதைச் சரிக்கட்டுவது கடினம் என்று நினைப்பார்கள். மீன் இல்லாத நாள் இங்கே பலர் வீட்டில் விரத நாள். சூரை வறுத்த சட்டியின் வாடைக்கு எலுமிச்சை வாசனை போட்ட திரவத்தைக் கொட்டித் தேய்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வாடை அமீன்கள் என்ற காரச் சேர்மங்களிலிருந்து வருகிறது. எந்தப் புளிப்பு பட்டாலும் அவை உப்பாக மாறி, காற்றில் எழும்பாமல் அடங்கிவிடும். வாசனையால் மூடவேண்டியதில்லை. புளிப்புக்காகத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதும் இல்லை, குழம்புக்குப் பிழிந்து எடுத்த புளிச்சக்கை போதும். முதலில் சட்டியின் எண்ணெயைக் காய்ந்த தேங்காய் நாரால் வழித்து எடுத்துவிட வேண்டும். பிறகு சக்கை, ஒரு சிட்டிகை உப்பு, அதன் பிறகுதான் தண்ணீர். இந்த வரிசையை மாற்றி, எண்ணெய்ச் சட்டியில் நேராகத் தண்ணீரை விட்டால் எத்தனை வாளியும் பத்தாது. உப்புப் புளித்தண்ணீர் வாழைக்கு ஆகாது. தென்னைக்கு விடலாம், அது உப்பைத் தாங்குகிற மரம்.

தென்னையைச் சொல்லும்போது சிறையைச் சொல்லாமல் போக முடியவில்லை. செல்லுலர் சிறையை 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்தார்கள். அங்கே அரசியல் கைதிகளுக்கு விதித்த வேலைகளில் இரண்டு: உலர்ந்த தேங்காய் மட்டையை அடித்து நார் எடுப்பது, மாட்டுக்குப் பதிலாகச் செக்கைச் சுற்றுவது. தேங்காய் எண்ணெய் என்றால் நாளொன்றுக்கு 30 பவுண்டு என்று அளவு வைத்திருந்தார்கள். குறைந்தால் அடி, கைவிலங்கு. பாத்திரம் தேய்க்கிற நாரும், சோப்புக்குத் தாயான எண்ணெயும் தண்டனையாக இருந்த வளாகம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அந்தச் செக்கைப் பார்த்துவிட்டு வந்து "நம் பாரம்பரியத் தேங்காய் நார்" என்று பரவசப்பட என்னால் முடிவதில்லை. நாரைப் பயன்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு குணம் உண்டு, அது தீவுக்காரர்களுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். சாதாரண சோப்பு கடல்நீரில் கரையாது. உப்பும் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து அதைத் திரித்துவிடும். தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு மட்டும் கடல்நீரிலும் ஓரளவு நுரைக்கும். அதில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம் என்பதால் வருகிற குணம் அது. பழைய கப்பல்களில் மாலுமிகளுக்கு அந்தச் சோப்புதான். ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 180 கிராம் காஸ்டிக் சோடா சேர்த்தால் வீட்டிலேயே ஆகிவிடும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது. காஸ்டிக் சோடா இயற்கைப் பொருளா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. காரமில்லாமல் உலகத்தில் சோப்பே இல்லை. கடலோரத்தில் வீடு உள்ளவர்கள் பாயையும் மிதியடியையும் மீன் கூடையையும் இரண்டு குடம் கடல்நீரில் முதல் கழுவல் முடித்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீரைத் தொடலாம். (குடம் மொள்ளப் போகிறவர்கள் முதலை எச்சரிக்கைப் பலகை இல்லாத கரையாய்ப் பார்த்துப் போகவும். விளையாட்டாகச் சொல்லவில்லை.)

மழைக்காலத்துக்கு வேறு நியாயம். அப்போது தண்ணீர் இருக்கும், வெயில்தான் இருக்காது. சுவரில் படரும் கறுப்புப் பூஞ்சைக்குச் சுண்ணாம்பைவிட நல்ல மருந்து கிடையாது. அதன் காரத்தில் பூஞ்சை பிழைக்காது. எளியது, மலிவானது, தாத்தா காலத்தது. ஆனால் தாத்தா காலத்துச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கிளிஞ்சலைச் சுட்டது ஒரு பங்கு என்றால், மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டிச் சுட்டது இன்னொரு பங்கு. தூத்துக்குடிப் பக்கம் ஆலைகளுக்கும் சூளைகளுக்கும் பல்லாண்டுக் காலம் பவளத்தைத் தோண்டினார்கள். அந்த வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இன்று கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. அலையைத் தடுத்து நின்ற பாறையை எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. வெள்ளையடித்த சுவர்களுக்குப் பின்னால் இரண்டு தீவுகள். 2001இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். இப்போது எங்களுக்கு வருவது சுண்ணாம்புக்கல்லைச் சுட்ட தூள், கப்பலில் மூட்டையாக. வண்டூரில் 1983இல் அமைத்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போய்க் கண்ணாடிப் படகில் பவளம் காட்டும்போதெல்லாம் எனக்கு இந்த வரலாறு நினைவில் இடறும். மண்ணிலிருந்தோ மரத்திலிருந்தோ வந்துவிட்டால் குற்றமற்றது என்று ஒரு பொருளுக்கு நற்சான்று கொடுக்கும் அவசரம் எனக்கு அதனால்தான் இல்லை.

கப்பலைப் பற்றியும் அதே நேர்மை வேண்டும். பூந்திக்கொட்டை, சீயக்காய், நாட்டுச்சர்க்கரை எல்லாம் சென்னையிலிருந்து மூன்று நாள் பயணம் செய்து ஹாடோ துறைமுகத்தில் இறங்குகின்றன. பழத்தோல் மூன்று பங்கு, சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு போட்டு மூன்று மாதம் புளிக்கவைக்கும் "பயோ என்சைம்" இங்கேயும் பரவியிருக்கிறது. தரை துடைக்க நன்றாகத்தான் இருக்கிறது, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடாவிட்டால் பாட்டில் வெடிக்கும் என்பதைத் தவிர. அதன் சர்க்கரைக்கும் கப்பல் வாடகை உண்டு. ஆனாலும் காய்ந்த கொட்டையும் வெல்லமும் வருவதற்கும், தரை கழுவும் திரவம் வருவதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தத் திரவப் பாட்டிலில் பெரும்பகுதி தண்ணீர். 1,200 கிலோமீட்டர் கடலைத் தாண்டி, தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற ஊருக்குத் தண்ணீரை நிறம் கலந்து அனுப்புகிறார்கள்; நாமும் காசு கொடுத்து வாங்குகிறோம். கொட்டையின் சக்கை மண்ணுக்குப் போகும். பாட்டில் புரூக்ஸாபாத் குப்பைமேட்டுக்குப் போகும், அதிர்ஷ்டமிருந்தால் பழைய இரும்புக்காரர் மூலம் மறுபடி சென்னைக்குக் கப்பலேறும்.

பாட்டிலுக்காவது திரும்பும் வழி உண்டு. சாஷேவுக்கு அதுவும் இல்லை. பல அடுக்குகளை ஒட்டிச் செய்த அந்த உறையைப் பிரித்து உருக்குவது யாருக்கும் கட்டுப்படியாகாது. நம் கடலூர்க்காரர்கள் உலகுக்குக் கொடுத்த வியாபாரம் அது என்பதில் தமிழர்களுக்கு ஒரு பெருமை இருந்தது. சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவை உறையில் அடைக்கும் யோசனையைத் தொடங்கிவைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் கடலூரில் சிக் ஷாம்பூவைத் தொடங்கிக் கிராமங்கள்தோறும் கொண்டுபோனார். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. வியாபாரம் சூடுபிடிக்க, ஐந்து காலி உறைகளைக் கொண்டுவந்தால் ஒரு ஷாம்பூ இலவசம் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டுத் தெருக்களில் பிள்ளைகள் காலி உறைகளைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். சுற்றுச்சூழலை நினைத்துச் செய்ததல்ல, விற்பனைத் தந்திரம். ஆனாலும் காலி உறைக்கு ஒரு விலை இருந்தால் அது தெருவில் கிடக்காது என்பதை அன்றைக்கே ஒரு கம்பெனி நிரூபித்திருக்கிறது. இன்று எங்கள் கடைகளில் சரம்சரமாகத் தொங்குகிற எந்த உறைக்கும் திரும்பும் விலை கிடையாது. கடலுக்குப் போனால்? பெரிய நிக்கோபாரின் கடற்கரைகளில் ஒதுங்கிய பிளாஸ்டிக் பாட்டில்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்துப் பாட்டில்கள்தாம் அவற்றில் அதிகம். மற்றவர்களுடையது நம் கரைக்கு வருவதுபோல் நம்முடையது யார் கரையிலோ ஒதுங்கிக்கொண்டிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் என் வீட்டில் பிளீச்சிங் பவுடர் டப்பா ஒன்று இருக்கிறது, அதை வெளியேற்றும் எண்ணமில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, கிணறுகளில் கடல் புகுந்து முகாம்களில் ஆயிரக்கணக்கானோர் தங்கியிருந்தபோது, வயிற்றுப்போக்கிலிருந்து ஊரைக் காக்கக் கிணற்றுக்கும் கழிப்பிடத்துக்கும் தூவியது அதைத்தான். வேப்பிலையோ எலுமிச்சையோ அந்த வேலையைச் செய்திருக்காது. நோயாளி இருக்கிற வீட்டிலும் அப்படித்தான். ஆனால் தினமும் கழிப்பறையில் அதைக் கொட்டுகிறவர்கள் ஒன்றை யோசிக்கலாம்: பெரும்பாலான வீடுகளில் கீழே இருப்பது செப்டிக் டேங்க், அதன் வேலைக்காரர்கள் பாக்டீரியாக்கள். அவற்றைக் கொன்றுவிட்டு டேங்க் நிரம்புகிறது என்று புலம்பிப் பயனில்லை. பிளீச்சிங்கோடு ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு எழும். மூடிய குளியலறையில் அது ஆளையே சாய்க்கும். வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்துப் பொங்கவிடும் வீடியோக்களுக்கு ஆபத்து கிடையாது, பயனும் அதிகம் கிடையாது. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத்தண்ணீர்.

இந்த எளிய வாழ்க்கை யாருடைய கைகளால் நடக்கிறது என்பதையும் கட்டுரைகள் மறந்துவிடும். சாம்பலும் நாரும் தோள்பட்டையைக் கேட்பவை. சோப்பு பவுடர் வந்தபோது பெண்கள் அதை ஓடிப்போய் வாங்கியது விளம்பரத்தில் மயங்கி அல்ல, முதுகு வலித்ததால். என் மாமியார் எழுபது வயதிலும் வெண்கல உருளியைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பார் என்று என் கணவர் பெருமையாகச் சொல்வார். பெருமைப்படுகிறவர் ஒரு நாளும் அந்த உருளியைத் தொட்டதில்லை. பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களிடம் கேட்க எனக்கு ஒரே கேள்விதான்: ஞாயிற்றுக்கிழமை சட்டியை யார் தேய்க்கிறார்கள்? எங்கள் வீட்டில் இப்போது முறை வைத்திருக்கிறோம். மகன் தேய்க்கும் வாரம் நார் சீக்கிரம் தேய்கிறது, சட்டி தேய்வதில்லை.

மிச்சமிருப்பது குழாய் விவகாரம். பழைய வீடுகளில் பின்கட்டில் துவைகல் இருக்கும், அதிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் வாழைக்கும் சேம்புக்கும் ஓடும். புதிய மாடி வீடுகளில் சமையலறை, குளியலறை, துவைக்கும் இடம் எல்லாத் தண்ணீரையும் ஒரே பைப்பில் கட்டி நாலாவில் விட்டுவிடுகிறார்கள். கழுநீரைச் செடிக்கு விட வேண்டுமென்றால் வாளியில் பிடித்து மூன்று மாடி சுமந்து இறங்க வேண்டும், யாருக்கு முடியும்? நாங்கள் கீழ்த்தளம் என்பதால் பிழைத்தோம். சமையலறைத் தொட்டியின் பைப்பைத் தனியாகப் பிரித்துத் தோட்டத்துக்கு விட முடியுமா என்று கேட்டபோது பிளம்பர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "இதுக்குன்னு யாரும் இங்க லைன் போட்டதில்லக்கா. ஆனா பெரிய வேலையில்ல, ஒரு டீ ஜாயிண்ட், ரெண்டு வால்வு. ஒண்ணு தோட்டத்துக்கு, ஒண்ணு நாலாவுக்கு. மே மாசம் மழை புடிச்சதும் தோட்டத்து வால்வ மூடிடணும், இல்லன்னா வாழை அழுகிடும்" என்றார். கூலி வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, தன் வீட்டுக்கும் ஒன்று போட வேண்டும், இரண்டாவது வால்வுக்குக் காசு சேர்ந்ததும் என்றார்.